இருபத்திரண்டு ஊசி

தேனி ஆஸ்பத்திரி மாடியில், அக்குபஞ்சர் அறைத் திரைச்சீலையின் இடுக்கு வழியாக அமிர்தராஜ் எட்டிப் பார்த்தபோது, உள்ளே கட்டிலில் படுத்திருந்த அம்மாளின் நெற்றியில் மூன்று ஊசிகள் நட்டுக்குத்தலாக நின்றன. அந்த அம்மாள் அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. லேசாகக் குறட்டைகூட விட்டாள்.

அமிர்தராஜுக்கு வலது முழங்காலில் மூட்டு மாற்று அறுவை நடந்து நான்கு வாரம்தான் ஆகியிருந்தது. கைத்தடி இல்லாமல் கழிவறைக்குக்கூடப் போக முடியாத மனிதர். அவர் அந்த வராந்தாவைத் தாண்டி வெளிப் பெஞ்சுக்குத் திரும்பி வந்த வேகத்தை அறுவை செய்த டாக்டர் பார்த்திருந்தால் தன் கைராசியை நினைத்துப் பூரித்துப் போயிருப்பார்.

"ஏங்க, மூஞ்சி வெளுத்துப் போய்க் கெடக்கு?" என்றபடி மனைவி பாக்கியம் கையில் ஒரு ஃபைலோடு வந்தார். கவுன்ட்டர் பெண்ணோடு அவர் வெகுநேரம் தலையைக் குனிந்து பேசி, எதையோ எழுதி முடித்துவிட்டு வந்திருந்தார்.

"வெயிலு."

"பயப்படாதீக. நான் அந்தப் புள்ளகிட்ட..."

"பயமா? எனக்கா? என்.சி.சி.யில துப்பாக்கி புடிச்சவன்டி நான்!"

பாக்கியம் பெருமூச்சு விட்டார். "சரி. இதுல எழுதிருக்கிறத ஒரு தடவ வாசிச்சுட்டுக் கையெழுத்துப் போடுங்க."

"முப்பத்தோரு வருசம் கையெழுத்துப் போட்டவன். வாசிச்சா போட்டேன்?"

இது மட்டும் சத்தியமான வார்த்தை. மிக்கேல்பட்டி உயர்நிலைப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்த காலத்தில், தன்மேல் ஊர்க்காரர்கள் எழுதிய புகார் மனுவிலேயே 'பரிந்துரைக்கிறேன்' என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கல்வி அலுவலகத்துக்கு அனுப்பிய மகான் அவர். பதவி போய் ஆறு வருடம் ஆகிறது. சட்டைப் பையில் பச்சை மைப் பேனா மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை. அதை எடுத்து, பாக்கியம் விரல் வைத்த இடத்தில் பெரிதாக ஒரு கையெழுத்தைப் போட்டார். பக்கத்தின் மேலே என்ன இருந்தது என்று கண்ணைக்கூட உயர்த்தவில்லை.

"அப்ப நான் மார்க்கெட்டுல சின்ன வெங்காயம் வாங்கிட்டு அப்படியே பஸ் ஏறிர்றேன். தம்பி கூட இருக்கான்ல" என்று சொல்லிவிட்டு, ஃபைலைக் கவுன்ட்டரில் கொடுத்துவிட்டு பாக்கியம் போனார்.

தம்பி என்பது பாக்கியத்தின் உடன்பிறந்த இம்மானுவேல். ஐம்பத்தெட்டு வயது. கம்பம் பக்கத்துத் தோப்புகளில் வாழைத்தார் சுமந்தே முட்டி தேய்ந்து, மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய முட்டி உறையை மாட்டிக்கொண்டு காலம் தள்ளுகிறவர். மச்சானைத் தேனி வரைக்கும் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து கூட்டிப் போவது அவருக்கு இட்ட வேலை.

அமிர்தராஜுக்கு ஊசி என்றால் குலை நடுங்கும். பள்ளியில் தடுப்பூசி முகாம் நடக்கும் நாளிலெல்லாம் அவருக்குத் தவறாமல் தற்செயல் விடுப்பு. அறுவை சிகிச்சையன்று முதுகில் மயக்க ஊசி போடுவதற்குள் இரண்டு பேர் அவரை அமுக்கிப் பிடிக்க வேண்டியிருந்தது. கதவுக்கு வெளியே நின்ற பாக்கியத்துக்கு அந்தக் கூச்சல் முழுதும் கேட்டது. ஆனால் ஊருக்கு வந்து அமிர்தராஜ் சொன்ன கதையே வேறு. "டாக்டர்கிட்ட ஜோக் சொல்லிக்கிட்டே படுத்திருந்தேன். ஊசியெல்லாம் நமக்குக் கொசுக்கடி."

கொசுக்கடிக்காரருக்கு வலி விட்டபாடில்லை. பெரிய டாக்டர் பொறுமையாகத்தான் சொன்னார்: "மாத்திரையும் பயிற்சியும்தான் முக்கியம் சார். கூடவே மாடியில அக்குபஞ்சரும் பத்து தடவை எடுத்துப் பாருங்க. சிலருக்கு வலி கொஞ்சம் மட்டுப்படுது, மாத்திரையைக் குறைக்க முடியுது. எல்லாருக்கும் கேக்கும்னு சொல்ல மாட்டேன்." மஸ்கட்டில் நர்ஸாக இருக்கும் மகள் மெர்லின் அன்றைக்கே ஆன்லைனில் பதிவு செய்துவிட்டாள்.

வலியைவிடப் பெரிய கவலை ஒன்று அமிர்தராஜுக்கு இருந்தது. செப்டம்பர் இருபதாம் தேதி ஊர்த் தேவாலயத்தில் வானதூதர் மிக்கேல் சம்மனசின் திருவிழாக் கொடியேற்றம். மூங்கில் கம்பில் கட்டிய கொடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வெறுங்காலோடு நான்கு தெருவையும் சுற்றி வந்து ஃபாதரிடம் கொடுக்க வேண்டும். இருபத்தோரு வருடமாக அது அமிர்தராஜின் கையில் இருக்கிறது. இரண்டு கையிலும் கொடி என்றால் கைத்தடிக்கு மூன்றாவது கை கிடையாது. தேவாலயப் பங்குப் பேரவைச் செயலாளர் எட்வின் போன வாரமே, "சார் இந்த வருசம் ரெஸ்ட் எடுக்கட்டுமே" என்று ஆரம்பித்துவிட்டார். கொடி போனால் ஊரில் அவரை வாத்தியாரே என்று கூப்பிடவும் ஆளிருக்காது என்று அமிர்தராஜ் நம்பினார். இப்போதும் பலர் கூப்பிடுவதில்லை என்பதை அவர் கவனித்ததில்லை.

"அமிர்தராஜ் யாருங்க சார்?"

கவுன்ட்டர் பெண் திரிஷா கதவருகே நின்று கூப்பிட்டாள். அமிர்தராஜின் ஆள்காட்டி விரல் தானாக எழுந்து பக்கத்தில் இருந்தவரைக் காட்டியது.

"இவருதான்!"

இம்மானுவேலின் வாய் திறந்தது. "மச்சான்..."

"போ மாப்ள" என்று அமிர்தராஜ் அவர் காதில் கிசுகிசுத்தார். "ஒனக்கும் முட்டி வலிதான? போயிட்டு வா. வந்ததும் புரோட்டா."

கடைசி வார்த்தை வேலை செய்தது. இம்மானுவேல் நொண்டிக்கொண்டே உள்ளே போனார்.

அரை மணி கழித்து வெளியே வந்தபோது அவருடைய இரண்டு காதிலும் பொட்டுப் பொட்டாகப் பிளாஸ்டர் ஒட்டியிருந்தது.

"எத்தன குத்துனாக மாப்ள?"

இம்மானுவேல் மச்சானின் முகத்தைப் பார்த்தார். எதிர்க்கடையில் புரோட்டாக் கல்லைத் தட்டும் சத்தம் கேட்டது.

"எட்டு மச்சான்."

"எட்டா! எங்கன?"

"எங்கன குத்தலன்னு கேளுங்க."

"காதுல என்ன?"

"ஊசி உருவுன எடம். மூணு வேளையும் அமுக்கிவிடச் சொல்லிருக்காக." இம்மானுவேல் காதை அமுக்கிக் கண்ணை மூடினார். "வெறும் புரோட்டா பத்தாது மச்சான். சுக்காவும் சொல்லுங்க. ரத்தம் ஊறணும்ல."

வாரத்துக்கு மூன்று நாள் இந்தக் கூத்து நடந்தது. இரண்டு பேரும் காலை பஸ்ஸில் தேனி போவார்கள். அமிர்தராஜ் எதிர்க் கடையில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். இம்மானுவேல் ஊசிக்குப் போவார். நான்காவது தடவை ஊசி பதினான்காக ஏறியது. அதற்குக் கறிதோசை. ஆறாவது தடவை இருபத்திரண்டு. அதற்கு அரைத்தட்டு ஈரல் வறுவலும் சேர்ந்தது. ஊசி முடிந்ததும் பக்கத்து அறையில் காலை மடக்கி நீட்டும் பயிற்சி. ஃபைல் எங்கே போனதோ அங்கேயெல்லாம் இம்மானுவேலும் போனார். மச்சான் பெயரில் கால் மடக்கினார், மச்சான் பெயரில் படி ஏறினார்; தழும்பில்லாத முட்டி தெரியாமல் வேட்டியை மட்டும் இறக்கியே வைத்திருந்தார். வீட்டில் செய்யச் சொன்ன பயிற்சியையும் விடவில்லை.

அமிர்தராஜ் எதையும் மடக்கவில்லை. பயிற்சி செய்தால் வலித்தது. வலிப்பதை எதற்குச் செய்வானேன் என்பது அவர் கண்ட தத்துவம். முட்டி இட்லிக் கொப்பரை மாதிரி வீங்கி, விறைத்துக்கொண்டே போனது.

ஏழாவது தடவை முடிந்த கையோடு பெரிய டாக்டரைப் பார்க்க வேண்டிய நாள் வந்தது. காலைக் காட்ட வேண்டியிருந்ததால் இதற்கு ஆள் அனுப்ப முடியவில்லை. டாக்டர் ஃபைலைப் புரட்டி மலர்ந்து போனார்.

"பிரமாதம் சார்! வலி பத்துக்கு ஏழுல இருந்து மூணுக்கு வந்துருச்சுன்னு மாடியில அக்குபஞ்சர் பாக்குற உமாதேவி மேடம் எழுதியிருக்காங்க. நல்லா நடக்குறீங்களாம், படி ஏறுறீங்களாம். அப்ப மாத்திரையைப் பாதியாக் குறைச்சிரலாம்." அவர் முட்டியை அழுத்தினார். "வலிக்குதா?"

அமிர்தராஜின் கண்ணில் கம்பம் பள்ளத்தாக்கு முழுக்கத் தலைகீழாகச் சுற்றியது.

"சேச்சே" என்றார்.

"கொஞ்சம் வீக்கம் இருக்கே?"

"பரம்பரை."

மாத்திரை பாதியானது. அன்றைக்குச் சாயங்காலமே அமிர்தராஜ் கட்டிலில் சுருண்டு கிடந்தார். உண்மையைச் சொல்லியிருந்தால் இரண்டு நிமிட வெட்கத்தோடு போயிருக்கும். வேலியில் போகிற ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொள்கிறவர்களுக்கு அந்த யோசனை வராது. அவருக்கு வந்தது வேறு யோசனை.

"மாப்ள, அடுத்த தடவ வலி எத்தனைன்னு கேட்டா ஒன்பதுன்னு சொல்லு. மாத்திரைய ஏத்தி எழுதுவாக."

"எனக்கு இப்ப ரெண்டுதான மச்சான் வலிக்குது."

"ஒனக்கு வலிச்சா யாருக்கென்ன? ஃபைல்ல இருக்கிறது ஏங்காலு!"

இம்மானுவேல் போய் ஒன்பது என்றார். உமாதேவி டாக்டர் பதறிப்போய், நாளைக்கே ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று எழுதினார். ஒவ்வொரு தடவையும் மெர்லினுக்குப் போகும் வாட்ஸ்அப் தகவலில் இதுவும் போனது. மஸ்கட்டிலிருந்து போன் அலறியது.

"அப்பா! மூணுல இருந்து ஒன்பதா? உள்ள சீழ் வச்சிருச்சா? நான் லீவு போட்டு நாளைக்கே கெளம்பி வாரேன்."

மெர்லின் நர்ஸ். வந்தவுடன் முட்டியை அழுத்திப் பார்ப்பாள், ஃபைலைப் படிப்பாள்.

"ஏத்தா, அது அந்தப் புள்ள தப்பா அடிச்சிருச்சு. வலியே இல்ல. ஜீரோ! இப்பத்தான் மாடிப்படி ஏறி எறங்குனேன்."

"சத்தியமா?"

"மிக்கேல் சம்மனசு மேல சத்தியமா."

ஸ்கேன் சீட்டு மடிந்து அமிர்தராஜின் சட்டைப் பைக்குள் போனது. மகளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. 'அப்பாவுக்கு வலி ஜீரோ. சம்மனசுக்கு நன்றி' என்று ஊர் வாட்ஸ்அப் குழுவில் கைகூப்பும் படங்களோடு போட்டாள். ஞாயிறு பூசையில் ஃபாதர் அதை வாசித்துவிட்டு, "இந்த வருசமும் கொடி நம்ம சாருக்குத்தான். அதுக்கு முந்தி அவரோட அனுபவத்த இன்னைக்கு அன்பியக் கூட்டத்துல பகிர்ந்துக்குவாரு" என்றார். அமிர்தராஜ் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று சிரித்தார். அந்தச் சிரிப்பில் பாதி வலி.

தெருவிலுள்ள பங்குக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கும் அந்த அன்பியக் கூட்டத்தில் நாற்பது பேர் இருந்தார்கள். மைக் கையில் வந்ததும் அமிர்தராஜுக்கு முட்டி மறந்துபோனது.

"ஒரு ஊசி இல்ல, ரெண்டு ஊசி இல்ல. இருபத்திரண்டு! உச்சந்தலையில ரெண்டு. புருவத்துக்கு நடுவுல ஒண்ணு. காதுக்கு நாலு நாலு. உள்ள எறங்கும்போது எலும்புல தட்டும். டாக்டரம்மாவே கண்ணத் தொடச்சுக்கிட்டாக. 'எப்படி சார் தாங்குறீக'ன்னாக. 'ஆண்டவரு தாங்குனதுல இது எத்தன பங்கு'ன்னேன்."

பெண்கள் உச்சுக் கொட்டினார்கள். பின்வரிசையில் இம்மானுவேல் தலையைக் குனிந்துகொண்டு காதை அமுக்கிவிட்டுக்கொண்டிருந்தார். பாக்கியம் மட்டும் புருவத்தைச் சுருக்கி, கணவரையும் தம்பியையும் மாறி மாறிப் பார்த்தார்.

எட்வின் எழுந்தார். "சார், நம்மூருல மட்டும் எட்டுப் பேருக்கு மூட்டு வலி. நாளைக்கு ஒங்க கடைசி ஊசிதான? வேன் சொல்லிட்டேன். எல்லாரும் ஒங்க கூடவே வாரோம். நீங்க தாங்குறத நேர்ல பாத்தா எங்களுக்கும் தைரியம் வரும்."

"நாளைக்கு எனக்கு..."

"நானும் வாரேன்" என்றார் பாக்கியம்.

மறுநாள் வேன் தேனியில் போய் நின்றது. மாடிப்படி பதினெட்டு. எட்டு மூட்டு வலிக்காரர்களும் கைப்பிடியைப் பிடித்து ஏறினார்கள். அமிர்தராஜ் ஒவ்வொரு படியிலும் நின்று, சுவரில் மாட்டியிருந்த விளம்பரங்களை ரசிப்பதுபோல் பாவனை செய்தார். இம்மானுவேல் இரண்டு இரண்டு படியாகத் தாவி முதலில் மேலே போய் நின்றார். முட்டி உறையைக் கழற்றிப் பத்து நாள் ஆகியிருந்தது.

கவுன்ட்டரிலிருந்து திரிஷா எழுந்து கும்பிட்டாள்.

"வாங்க அமிர்தராஜ் சார்! இன்னைக்குப் படையோட வந்துருக்கீக?"

அவள் கும்பிட்டது இம்மானுவேலை.

எட்வின் இம்மானுவேலைப் பார்த்தார். பிறகு பதினாறாவது படியில் தொங்கிக்கொண்டிருந்த அமிர்தராஜைத் திரும்பிப் பார்த்தார்.

"சார், இந்தப் புள்ள யாரை அமிர்தராஜுங்குது?"

இந்த இடத்திலாவது ஒரு மனிதன் உண்மையைச் சொல்லிவிட்டு உட்காரலாம். அமிர்தராஜ் மூச்சை இழுத்து, நெஞ்சை நிமிர்த்தினார்.

"இத வெளிய சொல்லக் கூடாதுன்னு நெனச்சேன் எட்வின். தார் சொமந்து சொமந்து மாப்பிள்ளைக்கு முட்டி தேஞ்சு போச்சு. எம்மக எனக்குன்னு ஏற்பாடு பண்ணுன வைத்தியத்த அவருக்கு விட்டுக் குடுத்தேன். வலது கை குடுக்கிறது இடது கைக்குத் தெரியக் கூடாதுன்னு வேதத்துலயே இருக்கே."

எட்டுப் பேரும் நெகிழ்ந்து போனார்கள். ஒரு பெரியவர் கும்பிட்டேவிட்டார். எட்வின் நெகிழவில்லை.

"அப்ப அந்த இருபத்திரண்டு ஊசி?"

"அவரு ஒடம்பால தாங்குனாரு. நான் வெளிய உக்காந்து மனசால தாங்குனேன்."

"நல்லது சார்." எட்வினின் முகத்தில் வெளிச்சம் வந்தது. "நீங்களே மைக்குல சொன்னீக, அத்தன ஊசியத் தாங்குறது சாமானியப்பட்ட காரியம் இல்லன்னு. அப்படித் தாங்குன மனுசன் இங்கன நிக்கிறாரு. கால்ல வலியும் இல்ல, கையில கம்பும் இல்ல. இந்த வருசக் கொடிய இம்மானுவேலு புடிக்கட்டும். என்ன சொல்றீக?"

"சரிதான், சரிதான்" என்றார்கள் எட்டுப் பேரும்.

இருபத்தோரு வருடத்துக் கொடி அந்த வராந்தாவில் கைமாறியது. அமிர்தராஜுக்கு அழுகை வந்தது என்றே சொல்லலாம். ஆனாலும் கைத்தடியை ஊன்றிக் கடைசி இரண்டு படியையும் ஏறி, மச்சினன் தோளில் தட்டிக்கொடுத்தார். கொடி போனால் போகட்டும். தியாகி என்ற பெயர் மிஞ்சியது. ஊசிக்குப் பயந்தவன் என்று ஒருத்தருக்கும் தெரியாது. அந்த மட்டில் அவருக்கு நிம்மதிதான்.

"ஒங்க வீரம் சின்ன வீரமில்ல இம்மானுவேலு" என்று எட்வின் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். "இருபத்திரண்டு ஊசி!"

இம்மானுவேலின் பார்வை எதிர்க்கடைப் பக்கம் போனது. பாக்கியம் தலையில் கை வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார்.

திரிஷா எல்லாரையும் விசித்திரமாகப் பார்த்தாள். ஃபைலை எடுத்து முதல் பக்கத்தைத் திறந்து, எட்வினின் பக்கம் திருப்பி வைத்தாள்.

"என்ன ஊசி சார்? நாங்க ஒரு ஊசிகூடக் குத்தலையே! காதுல விதைய ஒட்டி வெரலால அமுக்கிவிட்டதோட சரி. 'இவருக்கு ஊசியைக் கண்டாலே பயம், மயங்கி விழுந்துவிடுவார், தயவுசெய்து ஊசி வேண்டாம்'னு அந்தம்மா மொத நாளே எழுதி, அதுக்குக் கீழ சார் பச்ச மையில எம்புட்டுப் பெருசாக் கையெழுத்துப் போட்டிருக்காக, பாருங்க."